வீடு யார் பெயரில் இருக்கிறது?

பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் நாவலோ தன்வரலாறோ கையில் கிடைத்தால், மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வாசகர் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: அந்தப் பெண் இருக்கிற வீடு யாருடைய பெயரில் இருக்கிறது? முதல் நாற்பது ஐம்பது பக்கத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். எழுதியவர் நேரே சொல்லாவிட்டாலும் சாவி யாரிடம் இருக்கிறது, அரிசிக்குக் காசு யார் எடுத்துக் கொடுக்கிறார், சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு வெளியே போவது யார் என்று பார்த்தால் பிடிபடும். அதை ஒரு துண்டில் குறித்துவைத்துக்கொண்டு மேலே வாசித்துப் பாருங்கள். அவள் ஏன் வாய் திறக்கவில்லை, ஏன் திரும்பிப் போனாள் என்ற கேள்விகளுக்குப் பாதி விடை அந்தத் துண்டிலேயே இருக்கும்.

தமிழில் வந்த பெண் கதைகளில் பெரும்பாலானவற்றில் கல்யாணம் என்றால் புறப்பாடு. பெண் பெட்டியோடு இன்னொரு வீட்டுக்குப் போகிறாள், அங்கே மாமியாரின் அடுப்படி, மாமியாரின் சட்டம். துன்பம் அந்த வாசற்படியில் தொடங்குகிறது. இலங்கையின் கிழக்கே எங்கள் கரையோரத்தில் வழக்கம் வேறு. தமிழ் ஊரானாலும் முஸ்லிம் ஊரானாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடும் வளவும் மகளுக்குச் சீதனம். மூத்தவளுக்குக் கல்யாணம் ஒப்பேறினால் இருக்கிற வீட்டை அவளுக்கு எழுதிவிட்டு, தாயும் தகப்பனும் இளையதுகளைக் கூட்டிக்கொண்டு வளவின் மற்றப் பக்கத்தில் சின்னதாக ஒன்று போட்டு மாறுவார்கள். அடுத்தவளுக்கு அந்த வீடு. குடி என்று சொல்லும் குலப் பிரிவும் தாய்வழியில்தான் வருகிறது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் இந்த ஒழுங்கைத் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கியிருக்கிறார். தன் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு இதையெல்லாம் வெளியூரார் எழுதி வாசிக்க வேண்டுமா என்று தோன்றலாம். வாசிக்கத்தான் வேண்டும். கண்ணுக்கு முன்னால் இருப்பதை நாவல் வாசிக்கும்போது நாம் மறந்துவிடுகிறோம். சென்னை மாமியாரையே நம் மாமியாக நினைத்துக் கண்ணீர் விடுகிறோம்.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. தமிழ்நாட்டு முஸ்லிம் ஊர் ஒன்றின் பெண்கள் மட்டுமே பேசிக்கொள்ளும் உலகம் அது. காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ இதை வாசிக்கிறவர்களுக்குப் பேச்சும் சாப்பாடும் நோன்பும் பெருநாளும் பழக்கமாகவே இருக்கும். ஆனால் வஹீதாவின் கல்யாணம் வரும் இடத்தில் நின்று பாருங்கள். சொந்தத்துக்குள்தான் முடிக்கிறார்கள், ஆனாலும் அவள் புருஷன் வீட்டுக்குப் போகிறாள். உம்மா பக்கத்தில் இல்லை. அந்த வீட்டில் அவளுக்கு நடக்கிற ஒவ்வொன்றும் அந்த இடமாற்றத்திலிருந்து வருகிறது: எந்த நேரம் எழும்ப வேண்டும், எந்த அறையில் இருக்கலாம், யார் முன்னால் வரலாம். பிர்தவ்ஸ் தனக்குப் பிடிக்காத புருஷனோடு இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தாயிடம் திரும்பி வருகிறாள். திரும்பி வந்த மகள் தாய்க்கு வெட்கமாகவும் பாரமாகவும் ஆகிறாள்.

எங்கள் ஊரில் அதே கல்யாணம் முறிந்தால் வெளியே போவது பெரும்பாலும் ஆண்தான். சாரனையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்கோ ராத்தா வீட்டுக்கோ போவார். பெண் இருந்த இடத்திலேயே இருப்பாள். சுற்றிவர உம்மா, சாச்சி, தங்கச்சிமார். இதைச் சொன்னதும், அப்படியானால் கிழக்குப் பெண்ணுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியோடு நாவலுக்குத் திரும்பிப் போனால் இன்னொன்று தெரியும். பிர்தவ்ஸை நெருக்குவது இரவல் வீடு மட்டும் இல்லை. பெற்ற தாய், அக்காவின் குடும்பம், ஊர் ஜமாஅத் எல்லாம் சேர்ந்து அவளைக் காவல் காக்கின்றன. தாயோடு இருப்பது பாதுகாப்பு. அதே தாய்தான் முதல் காவல்காரி. இந்த இரண்டாவது பாதி எங்கள் ஊருக்கு அச்சொட்டாகப் பொருந்தும். சுற்றிவர சொந்தம் இருக்கிற வளவில் ஒரு பெண் தன் விருப்பத்துக்கு ஒரு ஃபோன் பேசக்கூட இடம் இல்லை. ரபியாவும் அவள் கூட்டாளிமாரும் களவாகப் படம் பார்க்கப் போய் அடி வாங்கும் பகுதியை நான் இந்த நாவலின் உச்சம் என்றே சொல்வேன். பெரிய துயரங்கள் எல்லாம் பிறகு வருகின்றன. ஆனால் ஒரு சிறுபிள்ளைக்கு ஊரின் எல்லை எதுவென்று உடம்பில் எழுதிக் காட்டுவது அங்கேதான்.

வாசிப்பில் சறுக்குகிற இடம் ஒன்று: இந்த நாவலில் பெயர்கள் அதிகம், உறவு முறையும் சிக்கல். பலர் நூறு பக்கத்தில் விட்டுவிடுவதற்குக் காரணம் இதுதான். தொடங்கும்போதே ஒரு தாளை எடுத்து, பெண்களை மட்டும் வைத்துக் குடும்ப மரம் வரையுங்கள். தாய், அவளின் பெண்மக்கள், அவர்களின் பெண்மக்கள். ஆண்களை அவரவர் மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாகப் போடுங்கள். குடி சொல்லிப் பழகிய ஊருக்கு இது கைவந்த வேலை. சோஹ்ராவின் தங்கச்சி பிர்தவ்ஸ், சோஹ்ராவின் மகள் ரபியா என்று இரண்டு கோடு போட்டவுடனேயே நாவல் திறந்துவிடும். எலீனா ஃபெராண்டேயின் நேப்பிள்ஸ் நாவல்களில் இந்தப் பட்டியல் முன்பக்கத்திலேயே அச்சில் இருக்கிறது. அங்கே தகப்பன்மாரின் தொழிலை வைத்துக் குடும்பங்களைப் பிரித்திருக்கிறார்கள். அதையும் ஒருமுறை பெண்வழியாக மாற்றி எழுதிப் பார்க்கலாம். தாயைப்போல் ஆகிவிடுவோமோ என்று கதைசொல்லி எலீனாவுக்கு இருக்கிற பயம் அப்போது நடுவுக்கு வரும்.

எங்கள் மண்ணிலிருந்தே வந்த நாவல் என்றால் ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' (2014). தவக்குல், யோகா, தெய்வானை என்று மூன்று பெண்கள். தவக்குல் சமூக வேலை செய்கிறவள், அதனாலேயே தன் சமூகத்தின் கண்டிப்புக்கும் மிரட்டலுக்கும் ஆளாகிறவள். மற்ற இருவரும் ஆயுதப் போராட்ட இயக்கத்தில் இருந்தவர்கள். கிழக்கின் தமிழ்ப் பெண்ணையும் முஸ்லிம் பெண்ணையும் ஒரே கதைக்குள், ஒருத்தியின் கஷ்டத்தை மற்றவள் கேட்கும்படி வைத்தது பெரிய காரியம். 1990இல் நடந்த கொலைகளுக்குப் பிறகு ஏறாவூருக்கும் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களுக்கும் இடையில் எழும்பிய சுவரைத் தெரிந்தவர்களுக்கு அதன் பாரம் விளங்கும். நடையில் குறை உண்டு. சில இடங்களில் பாத்திரம் பேசுவதை விட்டுவிட்டு எழுத்தாளரே கட்டுரை வாசிக்கத் தொடங்குகிறார். ஆனால் போராளியாக இருந்து வீடு திரும்பிய பெண்ணுக்கு வீட்டில் இடம் எது என்று கேட்கும்போது நாவல் கூர்மையாகிறது. வீடு பெண்ணுக்கு என்ற ஊரில் அவளுக்கு மட்டும் வீடு இல்லாமல் போகிறது. கல்யாணம் பேசும்போதுதானே வீடு எழுதுவார்கள்? யாரும் பேச வராத மகளுக்கு எழுதுவது யார்? தங்கச்சிக்கு எழுதிய வீட்டில் அக்கா ஒண்டி இருக்கிறாள்.

இந்த இடத்தில் சீதன வீட்டின் கணக்கையும் சொல்ல வேண்டும். காணி இருந்தால் அத்திவாரம் போட வேண்டும். பிறகு கல்லு, சீமெந்து, மணல், மரம், ஓடு, நிலத்துக்குப் பூச்சு, கடைசியாகக் கரண்ட். இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் உள்ள கூலிக் குடும்பத்துக்கு, மீன்பிடிக் குடும்பத்துக்கு இது இருபது வருஷ வேலை. ஆகவே தாய் சவூதிக்கோ குவைத்துக்கோ வீட்டு வேலைக்குப் போகிறாள். சில வீடுகளில் மகளே தன் வீட்டைக் கட்டத் தான் போகிறாள். முதல் ஒப்பந்தத்துக் காசு கடனுக்குப் போகும், அத்திவாரம் இரண்டாவது பயணத்தில்தான் எழும்பும். இடையில் காசு நின்றால் சுவர் லிண்டல் மட்டத்தில் நின்றுவிடும். கல்குடாத் தொகுதியிலும் கல்முனைப் பக்கமும் பாசி பிடித்து நிற்கிற அரைச் சுவர்களைப் பார்த்தால் அந்த வீட்டின் பெண் எத்தனையாவது பயணத்தில் இருக்கிறாள் என்று மதிக்கலாம்.

இந்த வாழ்க்கையின் அளவுக்கு நம்மிடம் தன்வரலாறு வரவில்லை. அதனால்தான் பேபி ஹால்தாரின் 'ஆலோ ஆந்தாரி'யை இங்கே வாசிக்கச் சொல்கிறேன். வங்காளத்திலிருந்து மூன்று பிள்ளைகளோடு புருஷனை விட்டு டெல்லிப் பக்கம் வந்து வீட்டு வேலை செய்தவர் அவர். குர்கானில் அவர் வேலை செய்த வீட்டுக்காரர் பிரபோத் குமார், எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். அவர் ஒரு கொப்பியும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னார். 2002இல் முதலில் ஹிந்தியில் வெளிவந்தது. அடிபட்டதைக்கூட அழாமல், நடந்த ஒழுங்கில் சொல்லிக்கொண்டு போகும் எழுத்து. சில இடங்களில் 'நான்' என்று எழுதிக்கொண்டு வந்தவர் திடீரென்று 'பேபி' என்று தன்னையே படர்க்கையில் கூப்பிடுகிறார். மிகவும் வலிக்கிற இடத்தில் தன்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கிறார் என்று நான் அதை வாசிக்கிறேன். வீட்டுக் கேள்வியை இந்தப் புத்தகத்திடம் கேட்டால் பதில் நேரே வரும்: தகப்பன் வீடு அவருடையது இல்லை, புருஷன் வீடும் இல்லை, வேலை செய்கிற வீடு நிச்சயமாக இல்லை. எழுதிய கொப்பி மட்டும் அவருடையது.

பாமாவின் 'கருக்கு' (1992) வேறொரு விதத்தில் இதே கேள்வியில் நிற்கிறது. ஏழு வருஷம் கன்னியாஸ்திரி மடத்தில் இருந்து வெளியேறிய பிறகு எழுதியது. மடமும் ஒரு வீடுதான். சோறு, கட்டில், படிப்பு எல்லாம் தந்தது. சாதி அங்கேயும் இருந்தது, வெளியே வந்தார். வந்தவருக்குக் கையில் வேலை இல்லை, தங்க இடம் இல்லை. அந்த நிலையில் நின்று எழுதியதால்தான் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. வருஷ ஒழுங்கும் கிடையாது. சிலர் இதைக் குறை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறவர் நேர்கோட்டில் எழுத முடியாது. ஊர்ப் பேச்சு மொழியில் முழுப் புத்தகத்தையும் எழுதியது, தங்கள் பேச்சு எழுத்துக்கு உதவாது என்று நினைத்துக்கொண்டிருக்கிற மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு நல்ல துணை.

போராளிகளின் தன்வரலாற்றை வாசிப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவர் இறந்த பிறகு 2016இல் வந்தது. புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்தவர். போர் முடிந்து சிறை, புனர்வாழ்வு எல்லாம் கண்டு 2013இல் வெளியே வந்தார். 2015 ஒக்டோபர் 18ஆம் திகதி புற்றுநோயால் காலமானார். இப்படியான நூலில் இரண்டு மணிக்கூடு ஓடுகிறது. ஒன்று சம்பவம் நடந்த நேரம், மற்றது எழுதுகிற நேரம். தொண்ணூறுகளில் ஒரு இளம் பெண் நம்பியதை, தோல்வியும் சிறையும் நோயும் கண்ட ஒருவர் எழுதுகிறார். இந்த இரண்டையும் பிரிக்காமல் வாசித்தால் இரண்டு பிழைகளில் ஒன்றில் விழுவோம்: ஒன்று, இது துரோகம் என்று தூக்கி எறிவது, மற்றது, இதுதான் முழு உண்மை என்று தலையில் வைப்பது. இரண்டு கூட்டமும் புத்தகத்தை வாசிக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

அதற்கு எளிய வழி உண்டு. கொப்பித் தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் வருஷம். இரண்டாவதில் அந்த வருஷம் நடந்ததாக அவர் சொல்வது. மூன்றாவதில், அதை அவர் தன் கண்ணால் கண்டாரா, கேட்டறிந்தாரா, பிறகு யோசித்து எழுதினாரா என்பது. இருபது முப்பது வரி எழுதினாலே தெரியும்: தாயைப் பற்றியும் கூட இருந்த பிள்ளைகளைப் பற்றியும் சிறையைப் பற்றியும் எழுதிய பக்கங்களில் மூன்றாவது பத்தி முழுக்கக் 'கண்டது' என்று வரும். தலைமை ஏன் அப்படி முடிவெடுத்தது என்ற பக்கங்களில் 'பிறகு யோசித்தது' கூடும். முதல் வகைப் பக்கங்களே இந்த நூலின் பலம். இரண்டாவது வகையை வாதமாக எடுத்து வாதிடலாம். கிழக்கில் வாசிக்கிறவர், கிழக்குத் தளபதி கருணா புலிகளிலிருந்து பிரிந்த பிறகு வந்த 2004 சித்திரையையும் தேடுவார். அந்தப் பிளவுக்குப் பிறகு வெருகலில் இருந்து வீட்டுக்கு நடந்துவந்த பெண்பிள்ளைகளின் கதை அப்போது வன்னியில் இருந்த ஒருவரிடமிருந்து முழுதாக வராது. அதைக் கிழக்கிலிருந்துதான் யாராவது எழுத வேண்டும்.

வி. வி. கணேசானந்தனின் ஆங்கில நாவல் 'பிரதர்லெஸ் நைட்' (2023) இதே போரின் தொடக்க காலத்தை யாழ்ப்பாணத்தில் வைத்துச் சொல்கிறது. 2024இல் பெண்களுக்கான புனைவுப் பரிசு அதற்குக் கிடைத்தது. மருத்துவம் படிக்கிற சசிகலாதான் சொல்கிறாள். அண்ணன்தம்பிமாரை ஒவ்வொருவராக இழக்கிறாள். அஞ்சலி என்ற பேராசிரியையின் பின்னால் 1989 செப்டம்பர் 21ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ ஆசிரியை ரஜனி திராணகம நிற்கிறார் என்பது அவரை அறிந்த எவருக்கும் தெரியும். நாவலைச் சரித்திரப் பாடப் புத்தகமாக எடுக்க வேண்டாம். நாட்களையும் ஆட்களையும் கதைக்காக நகர்த்தியிருப்பார்கள். காயம் கட்டுகிற பகுதிகளை மட்டும் நிதானமாக வாசியுங்கள். மருந்து இல்லாத அறையில் ஒரு பெண்ணின் கை என்ன செய்கிறது என்பதை இவ்வளவு கிட்ட நின்று எழுதியவர் குறைவு.

வெளிநாட்டுப் புத்தகங்களில் பிரெஞ்சு எழுத்தாளர் அன்னி எர்னோவைச் சொல்லாமல் விட முடியாது. 2022 நோபல். 1963இல், பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோது, சட்டம் தடுத்த கருக்கலைப்புக்காகத் தான் அலைந்ததை 2000இல் ஒரு சின்ன நூலாக எழுதினார். பிரான்சில் சட்டம் 1975இல் மாறியது. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்க என்பதைத் தவிர வேறு எதற்கும் இன்றும் அனுமதிப்பதில்லை. ஆகவே பாரிஸ்காரி சரித்திரமாக வாசிக்கிறதை ஏறாவூர்க்காரியோ களுவாஞ்சிக்குடிக்காரியோ நடப்புச் செய்தியாக வாசிக்கிறாள். கொரியாவின் சோ நாம்-ஜூ எழுதிய 'கிம் ஜியோங்' நாவல் (2016) வேறு வழி எடுக்கிறது. நாவலுக்குள் அடிக்குறிப்பு, புள்ளிவிவரம். சம்பளம், பிறப்பு விகிதம், வேலை விட்ட பெண்களின் தொகை. கதையாக அது மெலிவு, எனக்கு மனதில் தங்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் களைப்புக்குக் கணக்கு உண்டு என்று காட்டுவதற்கு நல்ல உத்தி.

நமக்கும் அப்படிக் கணக்கு இருக்கிறது. 2004 சுனாமியில் கரையோரத்தில் பெண்களின் பெயரில் இருந்த எத்தனையோ சீதன வீடுகள் போயின. திரும்பக் கட்டிக் கொடுத்தபோது, குடும்பத் தலைவர் யார் என்று படிவம் கேட்டது. கணவன் பெயர் எழுதப்பட்டது. தாய்வழியில் தலைமுறை தலைமுறையாக வந்த வீடு ஒரு கையெழுத்தில் கைமாறியது. குடியேற்றத் திட்டக் காணிகளில் அது முன்பே நடந்தது: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணிக்கு வாரிசு பெயர் குறிக்கப்படாமல் இருந்தால், மகளுக்கு முன் மகன் என்பதே அட்டவணை. 2022இல்தான் அந்த வரிசை திருத்தப்பட்டது. இதை வைத்து ஒரு நாவல் எழுதலாம். அம்பாறையின் வயல் ஊர்களில் அதற்குரிய ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

நாலைந்து பெண்கள் சேர்ந்து வாசிக்க நினைத்தால் சில நடைமுறைச் செய்திகள். பெரிய நாவலை ஒரே கூட்டத்துக்கு வைக்க வேண்டாம். எண்பது தொடக்கம் நூறு பக்கம் போதும். கையில் பிள்ளை உள்ளவர் வாசித்து முடிக்கக்கூடிய அளவு அதுதான். தமிழ்நாட்டுப் பதிப்புகள் இங்கே வந்து சேரும்போது விலை ஏறிவிடும்; ஒரு பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். இலங்கைப் பெண்களின் பழைய சஞ்சிகைகளும் தொகுப்புகளும் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். 1986இல் வந்த 'சொல்லாத சேதிகள்' கவிதைத் தொகுப்பிலிருந்து தொடங்கினால் இங்கே பெண் எழுத்து எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எழுத்துக்கு முந்திய எழுத்தும் நமக்கு உண்டு. சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் 2013இல் தொகுத்த 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' கிழக்கின் நாட்டார் காதல் கவிகள். வயல் வரம்பில் நின்று மச்சானைக் கூப்பிட்டவள் தன்வரலாற்றைத்தான் சொல்லியிருக்கிறாள்.

கூட்டம் கெட்டுப்போவது ஒரே கேள்வியில்: "என்னகா, அவ தன்ட கதையத்தானே எழுதியிருக்கா?" எழுதிய பெண்ணை விசாரணைக்கு நிறுத்துகிற கேள்வி இது. அதோடு புத்தகம் மூடப்பட்டு, எழுத்தாளரின் புருஷன் யார், எந்த ஊர், இப்போது யாரோடு இருக்கிறா என்று பேச்சு போய்விடும். நடத்துகிறவர் அந்த நேரம் ஒரு பக்கத்தைத் திறந்து உரக்க வாசிக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதை முன்பே குறித்துவைத்திருங்கள்.

வாசித்து முடித்தவர்கள் தங்கள் உம்மம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு எழுத ஆசைப்படுவார்கள். 'உங்கட வாழ்க்கையச் சொல்லுங்க' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'இந்த வீட்ட ஆர் உங்களுக்கு எழுதித் தந்தது? காணி உறுதி ஆர்ட கையில இருந்திச்சு? அதுக்கு முதல் எங்க இருந்தீங்க?' என்று கேளுங்கள். வருஷம் கேட்டால் குழம்புவார்கள்; வெள்ளத்துக்கு முன்னா பின்னா என்று கேட்டால் பிசகாமல் சொல்வார்கள். 1957 மார்கழி வெள்ளம், 1978 கார்த்திகைச் சூறாவளி, 1990 ஆனியில் தொடங்கிய சண்டை, 2004 சுனாமி. இந்த நாலு முளையையும் அடித்துவிட்டு மற்றச் சம்பவங்களை இடையில் கட்டினால் ஆண்டு பெரிதாகப் பிழைக்காது. சொல்லும்போது அவர்கள் பேசுகிறபடியே எழுதுங்கள். 'பிறகு' என்பதற்கு அவர்கள் 'மறுகா' என்றால் 'மறுகா' என்றே இருக்கட்டும். எழுதியதை அவர்களுக்கே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வெட்டச் சொன்ன பகுதியை வெட்டிவிடுங்கள்.